ஷூவைப் பூட்டி வைத்தால் ஓட்டம் நிற்குமா?

மதுரையிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வங்கி ஊழியர். கணவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார் என்று நாலு பேர் உள்ள வீடு. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய அப்பா இறந்துபோனார். கருமாதி முடிந்து ஊரிலிருந்து திரும்பிய வாரம் தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் எழுந்து வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நடை மெல்ல ஓட்டமானது. 10 கிலோமீட்டர், அரை மாரத்தான், பிறகு இரண்டு முழு மாரத்தான். இப்போது 50 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறார். அதற்கு இன்னும் 11 வாரம் இருக்கிறது. தினமும் 3.45க்கு எழுந்து ஓட்டம், மாலையில் வங்கியிலிருந்து வந்ததும் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் சாலையில் நீண்ட ஓட்டம். ஓய்வு நாளே கிடையாது. எடை 9 கிலோ குறைந்திருக்கிறது. இரவுச் சாப்பாடு அநேகமாக நின்றுவிட்டது. ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை. ‘ஓடுறவங்களுக்கு அது சகஜம்’ என்று உடன் ஓடும் தோழி சொன்னதால் விட்டுவிட்டார். ஆறு வாரமாக வலது கால் முன்னெலும்பில் வலி. ஓடுவதற்கு முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார்.

மூன்று சம்பவங்களையும் எழுதியிருக்கிறார். அம்மா மருத்துவமனையில் இருந்தபோது இரவு துணைக்குப் போனவர், அம்மா கண்ணயர்ந்ததும் அன்றைய கணக்கை முடிக்க மாடிப்படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார். அம்மா விழித்துக் கூப்பிட்டபோது பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் தண்ணீர் கொடுத்தாராம். தம்பி மகளுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. குடும்பமே வேனில் போக, இவர் ‘நான் ஓடியே வந்துடறேன்’ என்று கிளம்பினார். கால் வலியால் பாதி வழியில் நடக்க வேண்டியதாகி, போய்ச் சேர்ந்தபோது காது குத்தி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. கடைசியாகப் போன மாதம், கணவர் கோபத்தில் ஷூக்களை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இவர் வெறுங்காலோடு மொட்டைமாடியில் ஒன்றரை மணி நேரம் ஓடினார். அதைப் பார்த்த மகள் அழுதிருக்கிறாள். அன்று இரவுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததாகச் சொல்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை: “எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பள்ளியில் இரண்டாவது ரேங்க் வந்தால் அன்று சாப்பிட மாட்டேன். இந்தக் குணம் உள்ளவர்கள்தான் உடற்பயிற்சிக்கு அடிமையாவார்கள் என்று படித்தேன். பிறவிக்குணத்தை மாற்ற முடியுமா? இது குடியா, சூதாட்டமா, நல்ல பழக்கம்தானே? கொழுந்தனார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கச் சொல்கிறார், அப்படிச் செய்ய முடியுமா? மனநல மருத்துவரைப் பார்த்தால் வங்கிக்குத் தெரிந்துவிடுமா? பந்தயத்தில் நான் ஓடலாமா?”

சகோதரி, மனநல மருத்துவராக உங்களுக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு விஷயங்கள்தான் எனக்கு அவசரமாகப் படுகின்றன. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மாதவிலக்கும் கால் வலியும்

கடுமையாக ஓடும் பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நின்றுபோவது உண்மைதான். அதனால் அது ஆபத்தில்லை என்று உங்கள் தோழி நினைத்துக்கொண்டார், அங்கேதான் தவறு. ஓட்டத்துக்குச் செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோது, உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. அதில் முதல் வரிசையில் இருப்பது மாதவிலக்கு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, அதனால் எலும்பு வலுவிழக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்து, ஆண் பெண் இருபாலருக்கும் இது வரும் என்றும், எலும்பு, ஹார்மோன், இதயம், மனநிலை எல்லாவற்றையும் பாதிக்கும் என்றும் எச்சரித்தது.

மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றாலே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஓட்டத்தின் தலையில் போட்டுவிடவும் கூடாது. கர்ப்பமா, தைராய்டா, புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியிருக்கிறதா, 40 வயதுக்கு முன்பே முட்டைப்பை செயல் குறைகிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட வேண்டும். கூடவே வைட்டமின் டி, இரும்புச்சத்து, எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன். இன்னொன்று: ஹார்மோன் மாத்திரை போட்டு இரத்தப்போக்கை வரவழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாக அர்த்தமில்லை. சாப்பாடு கூடி, ஓட்டம் குறைந்து, அது தானாகத் திரும்பி வர வேண்டும்.

இந்த நிலையில் முன்னெலும்பில் ஆறு வார வலி என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் நுண்முறிவை. ஒரு விரல் வைக்கிற இடத்தில் சுருக்கென்று வலிக்கிறதா? இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அப்படியானால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம், குறிப்பாக முதல் சில வாரங்களில். எலும்பு மருத்துவரிடம் மாதவிலக்கு நின்றதையும் சொல்லுங்கள். அப்போதுதான் எம்ஆர்ஐ தேவையா என்பதை அவர் சரியாக முடிவு செய்வார். நுண்முறிவில் ஓடிக்கொண்டே இருந்தால் எலும்பு முழுதாக முறிந்து, அறுவைச் சிகிச்சை வரை போவதுண்டு.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். வலி என்பது உங்கள் கால் உங்களுக்குச் சொல்லும் தகவல், மாத்திரை அதை மறைத்துவிடுகிறது. மதுரை வெயிலில், வியர்த்து நீர் வற்றிய உடம்போடு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை போட்டு நீண்ட தூரம் ஓடுவது சிறுநீரகத்துக்கும் கெடுதல். சிறுநீர் எப்போதாவது கட்டங்காப்பி நிறத்தில் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இது அடிமைத்தனம்தானா?

1970இல் பேக்லண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், உடற்பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் தூக்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்க நினைத்தார். அநேகமாகத் தினமும் பயிற்சி செய்கிறவர்களைக் கேட்டபோது, எவ்வளவு பணம் கொடுத்தாலும் நிறுத்த மாட்டோம் என்று பலர் மறுத்துவிட்டார்கள். கடைசியில் வாரம் மூன்று நான்கு நாள் மட்டும் பயிற்சி செய்பவர்களை வைத்துத்தான் அவரால் ஆய்வை நடத்த முடிந்தது. அவர்களுக்கே அந்த மாதத்தில் பதற்றமும் தூக்கக் குறைவும் வந்தன. அதே பத்தாண்டில் கிளாசர் என்ற மனநல மருத்துவர் ஓட்டத்தை நன்மை தரும் அடிமைத்தனம் என்று புகழ்ந்தார். 1979இல் வில்லியம் மார்கன் என்ற உளவியலாளர் அதை மறுத்து எழுதினார். மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், வீடும் வேலையும் பாதிக்கப்பட்ட பிறகும் நிறுத்த முடியாமல் ஓடியவர்களை அவர் பார்த்திருந்தார். ‘நல்ல பழக்கம்தானே’ என்ற உங்கள் கேள்வி அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது.

அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இரண்டிலும் உடற்பயிற்சி அடிமைத்தனம் தனி நோயாக இடம்பெறவில்லை. அதனால் உங்களுக்கு அந்தப் பட்டத்தைக் கடிதம் வழியாகச் சூட்ட நான் விரும்பவில்லை. ஆனால் துன்பம் நிஜம். 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீண்டதூர விளையாட்டு வீரர்களில் சுமார் 14 விழுக்காட்டினர் இந்த அபாய வட்டத்தில் இருந்தார்கள். பொதுமக்களில் 3 விழுக்காடு. கேள்வித்தாளில் எடுத்த கணக்கு இது. அபாயத்தைக் காட்டுமே தவிர, அத்தனை பேருக்கும் நோய் என்று ஆகாது.

அந்தக் கேள்வித்தாள்களில் ஒன்று 2004இல் வந்தது. ஆறே வாக்கியங்கள். பயிற்சிதான் என் வாழ்க்கையில் முதலாவது. அதனால் வீட்டாரோடு சண்டை வருகிறது. மனநிலையை மாற்ற அதைப் பயன்படுத்துகிறேன். நாளாக நாளாக அளவு கூடுகிறது. ஒரு நாள் விட்டால் எரிச்சல் வருகிறது. குறைத்தாலும் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 30இல் 24 வந்தால் கவனிக்க வேண்டும்.

இதில் வீட்டுச் சண்டை பற்றிய வாக்கியத்தை நம் ஊரில் ஒரு பெண் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே ஒரு மருமகள் விடியுமுன் டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கினாலே சண்டை வரும். வாரம் மூன்று நாள் ஓடினாலும் வரும். அந்தச் சண்டை அவளுடைய நோய்க்கு அடையாளம் ஆகாது. உங்கள் மாமியார் சொல்லும் ‘பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு’ என்பதை ஒரு பக்கம் ஒதுக்கிவையுங்கள். அம்மா தண்ணீர் கேட்டபோது நீங்கள் பக்கத்தில் இல்லை என்பதை அதோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதைத் தள்ளிவிடுவது எளிது. உங்கள் கடிதத்தில் அது சில இடங்களில் நடக்கிறது.

எத்தனை கிலோமீட்டர் என்பதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. வாரம் 100 கிலோமீட்டர் ஓடியும் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்வார்கள், விசேஷத்துக்கு ஒரு நாள் விட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஓட முடியாத நாளில் உங்களுக்கு என்ன நடக்கிறது? அதைத்தான் பார்க்கிறேன். வலிக்கும் எலும்போடு, வெறுங்காலில், சிமெண்டுத் தரையில் ஒன்றரை மணி நேரம். அதை நீங்கள் விரும்பிச் செய்தீர்களா, செய்யாமல் இருக்க முடியாமல் செய்தீர்களா? பதில் உங்களுக்குத் தெரிந்ததால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

குணத்தைப் பற்றி

‘அடிமையாகும் ஆளுமை’ என்று ஒரு தனி வகை மருத்துவத்தில் கிடையாது. எதிலும் குறை வைக்கக் கூடாது என்ற பிடிவாதம், எளிதில் கவலைப்படும் தன்மை இரண்டுக்கும் இந்தப் பிரச்சினைக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்பு இருக்கிறது, அவ்வளவுதான். இதே குணங்கள் உள்ள எத்தனையோ பேர் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. நீண்டதூர ஓட்டமே இப்படிப்பட்டவர்களைத்தான் அதிகம் ஈர்க்கிறது. நான்கு மணி நேரம் தனியாக ஓடுவதற்கு விடாப்பிடி வேண்டும்.

உயர்ந்த இலக்கு வைப்பதும், தவறிவிட்டால் தன்னையே வெறுப்பதும் ஒன்றில்லை. முதலாவது உங்களை வங்கித் தேர்வில் ஜெயிக்க வைத்தது. இரண்டாவது, ரேங்க் போனதற்குச் சாப்பாட்டைத் தண்டனையாக நிறுத்தியது. பத்து வயதில் கற்றுக்கொண்ட அதே தண்டனையை 38 வயதிலும் இரவு இட்லி விஷயத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. இரவில் சாப்பிடாதது பசியில்லாததாலா, எடை ஏறிவிடும் என்ற பயத்தாலா? இதை உங்களுக்கு நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பயம் என்றால், அடியில் இருப்பது சாப்பாட்டுக் கோளாறாக இருக்கலாம். அப்படியானால் அதற்குத்தான் முதல் சிகிச்சை தேவைப்படும், ஓட்டம் அதன் ஒரு முகம் மட்டுமே.

கனடா உளவியலாளர் ராபர்ட் வாலரண்ட் 2003இல் ஈடுபாட்டை இரண்டாகப் பிரித்தார்: நம் கையில் இருக்கும் ஈடுபாடு, நம்மைக் கையில் வைத்திருக்கும் ஈடுபாடு. கோடையில் ஆர்வமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களை அவர் குழு கேள்வி கேட்டது. சாலையெல்லாம் பனி உறைந்த குளிர்காலத்தில் மறுபடி விசாரித்தது. விழுந்தால் அடி நிச்சயம் என்ற அந்த நாட்களிலும் விடாமல் ஓட்டியவர்களிடம் இரண்டாம் வகை ஈடுபாடுதான் ஓங்கி இருந்தது. ஒரே விளையாட்டு, ஒரே ஊர். மாறுவது பிடி யார் கையில் என்பதுதான். அந்தப் பிடியைத் திரும்ப வாங்குவது சிகிச்சையில் நடக்கக்கூடியது. உங்கள் குணத்தை யாரும் மாற்றப்போவதில்லை, மாற்றவும் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் வேறு. அப்பாவைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். ‘காரியத்தில் நான் அழவில்லை, எல்லோருக்கும் பந்தி பரிமாறும் வேலை இருந்தது.’ அதற்குப் பிறகு நான்கு வருடமாகக் காலையில் ஓட்டம், பகலில் வங்கி, மாலையில் சைக்கிள், இரவில் களைப்பு. அழுவதற்கு உங்களுக்கு நேரமே கிடைத்திருக்காது. அந்த முதல் வாரத்தில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தது உங்களைக் காப்பாற்றியது என்றே நம்புகிறேன், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஓட்டத்தை நிறுத்திய மறுவாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், கூடவே அந்தப் பழைய துக்கமும் வரலாம். பயப்பட வேண்டாம். ஆனால் தனியாக அதைச் சந்திக்க வேண்டாம் என்பதற்காகத்தான் ஆலோசகர் ஒருவரோடு இதைச் செய்யச் சொல்கிறேன். அழுகை நிற்காவிட்டாலோ, சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, நேரம் பார்க்காமல் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீடு

உங்கள் கணவர் இதைப் படிப்பாரானால் அவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பூட்டு வேலை செய்யவில்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஷூ இல்லாமல் ஓடி காலை இன்னும் கெடுத்துக்கொண்டார். வளர்ந்த ஒருவரின் பொருளைப் பூட்டி வைக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. சாவியைக் கொடுத்துவிடுங்கள். எலும்பு மருத்துவரிடம் கூடப் போங்கள். ‘ஓடாதே’ என்பதைவிட ‘நைட்டு உன்கூட உக்காந்து சாப்பிடணும்’ என்பது அவர் காதில் விழும்.

மகளிடம் நீங்களே பேசுங்கள், சகோதரி. ‘அம்மாவுக்கு ஓட்டத்தை நிறுத்த முடியாம போச்சு, டாக்டரைப் பார்க்கப் போறேன்’ என்றால் போதும். 14 வயதுப் பெண் அம்மா தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சாப்பாட்டைப் பற்றிக் கற்றுக்கொள்கிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்களைக் கட்டாயமாக மறுவாழ்வு மையத்தில் சேர்க்க முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி, ஒருவரின் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமானால் அவருக்குக் கடுமையான மனநோயும், தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலை போன்ற காரணங்களும் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொள்ளவும் வேண்டும். கொழுந்தனார் சொன்னார் என்பது காரணமாகாது. போதைக்கான மையத்தில் இதற்கு ஏற்ற சிகிச்சையும் கிடையாது.

அதே சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. மருத்துவர் உங்கள் வங்கிக்குத் தானாகச் சொல்ல முடியாது. கால் வலிக்கு விடுப்பு தேவைப்பட்டால் எலும்பு மருத்துவரின் சான்றிதழே போதும். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் எலும்புப் பிரிவும் இரண்டும் உண்டு; தனியாரிடம் போவதும் உங்கள் விருப்பம்.

பந்தயமும் இனி வரும் வாரங்களும்

இந்த 50 கிலோமீட்டர் ஓட்டத்தில் நீங்கள் ஓடக் கூடாது. எம்ஆர்ஐயில் முறிவு இல்லை என்று வந்தாலும், மாதவிலக்கு திரும்பாத உடம்போடு 11 வாரத்தில் அந்தத் தூரத்துக்குத் தயாராவது கூடாது. கட்டிய பணம் திரும்பி வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்களா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் போகட்டும்.

ஆயுள் முழுக்க ஓடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மதுவைப் போல இதை அடியோடு விட வேண்டிய தேவை பொதுவாக இருப்பதில்லை. அளவோடு திரும்பி வருவதுதான் சிகிச்சையின் நோக்கம். நுண்முறிவு என்று உறுதியானால், சாதாரண வகை ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், இடத்தைப் பொறுத்து இன்னும் நீளும். அதுவரை ஓட்டமும் இல்லை, மாலைச் சைக்கிளும் இல்லை. ஓட்டத்துக்குப் பதில் நீச்சல் என்று நீங்களாகத் தொடங்கி அதையும் தினம் இரண்டு மணி நேரமாக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. எதைத் தொடங்கினாலும் மருத்துவர் எழுதித் தந்த நிமிடத்துக்குள் நிறுத்துங்கள். ஓட்டக் கணக்கைப் பதியும் ஸ்ட்ராவா செயலியைக் கைபேசியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சாப்பாடுதான் இப்போதைக்கு மருந்து. மூன்று வேளை, நடுவில் இரண்டு முறை பால், பழம், கடலை, முட்டை என்று ஏதாவது. இரவில் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஓர் உணவியல் நிபுணர் கணக்குப் போட்டுத் தந்தால் நல்லது. ஆனால் நீங்கள் ஒவ்வொரு கலோரியையும் எண்ண ஆரம்பித்துவிடுவீர்களோ என்று எனக்குக் கவலை. கணக்கு நிபுணரிடம் இருக்கட்டும்.

ஆலோசகரோடு செய்யப்போவது பெரும்பாலும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையாக இருக்கும். ‘இன்னைக்கு ஓடலைன்னா நான் சோம்பேறி’ என்ற எண்ணம் வரும்போது அதைப் பிடித்து, அது உண்மையா என்று பார்க்கப் பழகுவீர்கள். ஓட்டத்துக்குத் திரும்பிய பிறகு, 5 கிலோமீட்டர் என்று கிளம்பி 4.6இல் வேண்டுமென்றே நின்று, வீட்டுக்கு நடந்து வரச் சொல்வார்கள். அந்த மீதி 400 மீட்டர் உங்களை எவ்வளவு நேரம் உறுத்துகிறது என்று பார்ப்பதுதான் பயிற்சி. இந்தப் பிரச்சினைக்கென்று தனி மாத்திரை இல்லை. மனச்சோர்வோ பதற்ற நோயோ கூட இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம். அதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். வாரம் ஒரு முறை என்று சில மாதங்கள் ஆகும். எல்லாப் பயிற்சியையும் நூறு விழுக்காடு சரியாகச் செய்யப் பார்ப்பீர்கள் என்பதையும் ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதலில் எலும்பு மருத்துவர், அதே வாரத்தில் மகப்பேறு மருத்துவர், பிறகு மனநல மருத்துவர். மூவரிடமும் போகும்போது கடைசி மாதவிலக்கு தேதி, ஒரு வருட எடை மாற்றம், போட்ட வலி மாத்திரைகளின் அட்டை, கடந்த மூன்று மாத ஓட்டக் கணக்கு நான்கையும் எடுத்துப் போங்கள். ஸ்ட்ராவாவை அழிக்கும் முன் அந்தக் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.